சிறுவர் மாயக்கதை நாவலுக்குப் பேர் வைக்கிறது எப்பிடி? அடியில இருந்து முடிவு வரைக்கும்

பிள்ளைக்குப் பேர் வைக்கேக்க சாத்திரியார் நட்சத்திரம் பாத்து ரெண்டு மூண்டு எழுத்துத் தருவார், அதுக்குள்ள ஒண்டைப் பிடிச்சாக் காணும், பிடிக்காட்டி வீட்டுப்பேர் எண்டு வேற ஒண்டை வைச்சுக் கூப்பிட்டுக்கொண்டு திரியலாம். புத்தகத்துக்கு எழுத்துத் தர ஒருத்தரும் இல்ல. நான் இலங்கையின்ர வன்னிப் பக்கத்தில குளத்துத் தண்ணியில வயல் செய்யிற ஆள். காலபோகத்துக்கு விதைச்சுப்போட்டு மழைக்குள்ள வீட்டோட அடைபட்டுக் கிடந்த நாளுகளில ஒன்பது பத்து வயசுப் பிள்ளையளுக்கெண்டு ஒரு மாயக்கதை நாவல் எழுதினன். எழுத நாலு மாசம், பேர் வைக்க எட்டு மாசம். அந்த எட்டு மாசமும் பிழை விட்டுப் பிழை விட்டுப் பழகினதை ஒழுங்காச் சொல்லுறன், நீங்கள் எட்டுக் கிழமையில முடிச்சிடலாம்.

கதையை முதல்ல ரெண்டு வரியில சொல்லவேணும், இல்லாட்டி பிறகு நான் காட்டுற உதாரணம் ஒண்டும் விளங்காது. ஒரு குளம், அதுக்கு ஆறு வான்கதவு. வெளியூர் ஆக்களுக்கு: குளம் நிரம்பினா மிச்சத் தண்ணி வழியிற இடத்தைத்தான் நாங்கள் வான் எண்டுறது, 'குளம் வான் பாயுது' எண்டு சொல்லுவம், பெரிய குளங்களில அந்த இடத்தில கதவு போட்டிருக்கும். மாரிமழை கொட்டுற ஒரு இரவு எல்லாக் கதவும் திறக்கேக்க பூவரசி எண்ட சின்னப் பெட்டை எண்ணிப் பாக்கிறாள், ஏழு வருது. அந்த ஏழாவதுக்குள்ளால போனா அங்கால ஒரு ஊர், அங்க தண்ணி கீழ இருந்து மேல பாயுது. இவ்வளவும் காணும்.

படி 1: வீட்டுப்பேர் வைச்சுக்கொண்டு எழுதுங்கோ

எழுதத் தொடங்கேக்கையே நல்ல தலைப்பு வேணுமெண்டு குந்தியிருக்காதேங்கோ. எனக்கு முதல் மூண்டு மாசமும் கொப்பியில 'குளத்துக் கதை' எண்டுதான் இருந்தது, அது காணும். முன்னுக்கே ஒரு சோக்கான தலைப்புக் கிடைச்சிட்டா இன்னொரு கரைச்சல் இருக்கு, கதை அந்தத் தலைப்புக்குப் பின்னால இழுபட்டுப் போகும். என்ர சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் 'நாகமணித் தீவு' எண்டு தலைப்பை வைச்சிட்டு எழுதினவன், கதையில தீவும் வரேல்ல மணியும் வரேல்ல, கடைசி அத்தியாயத்தில ரெண்டையும் கொண்டந்து ஒட்டினான், ஒட்டு வடிவாத் தெரிஞ்சுது.

லூயிஸ் கரோல் 1864 இல தன்ர கதையைக் கையால எழுதி ஒரு சின்னப் பிள்ளைக்குப் பரிசாக் குடுக்கேக்க அதின்ர பேர் 'ஆலிஸ் நிலத்துக்கடியில கண்ட விநோதங்கள்' எண்ட மாதிரித்தான் இருந்தது. அடுத்த வருசம் 1865 இல அச்சில வரேக்கதான் நிலத்தடி போய் அற்புத உலகம் வந்தது. நிலத்துக்கடி எண்டா சுரங்கம், கிணறு வெட்டு எண்டு நினைப்பு போயிடும். வீட்டுப்பேரை மாத்துறது வெக்கமான விசயமே இல்ல.

படி 2: கதைக்குள்ள கிடக்கிற சாமானெல்லாத்தையும் வெளியில எடுத்துப் போடுங்கோ

கதை முடிஞ்சாப் பிறகு ஒரு பின்னேரம் இருந்து ஒரு தாளில உங்கட கதையில வாற சாமான், இடம், மிருகம், ஆள், வேலை எல்லாத்தையும் எழுதுங்கோ. 'அன்பு', 'துணிச்சல்', 'நட்பு' மாதிரி கையால தொட ஏலாததை எழுதவேண்டாம், அது பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு. என்ர தாளில இருந்தது: துருசு (குளத்து மடை), குளக்கட்டு, வான்கதவு, கதவு திறக்கிற இரும்புச் சக்கரம், மருதமரம், நீர்க்காகம், அம்மம்மாவின்ர லாம்பு, பாலைப்பழம், தவளைக் கூட்டம், குளத்துக் காவல்காரக் கிழவர்.

இப்ப ஒவ்வொண்டுக்கும் நேர ஒரு கேள்வி: இது வேற ஆரின்ரயும் கதையிலயும் வருமோ? லாம்பு எல்லாக் கதையிலயும் வரும். மருதமரமும் வரும். ஆனா வான்கதவு? தமிழில பிள்ளையளுக்கெண்டு வந்த மாயக்கதையில வான்கதவு வந்ததா எனக்குத் தெரிய இல்ல. அதோட 'வான்' எண்டா எங்களுக்குத் தண்ணி வழியிற இடம், மற்றத் தமிழ்ச் சனத்துக்கு வானம். ஒரே சொல்லில குளமும் ஆகாயமும். இதை நான் உடனயே கண்டுபிடிச்சனெண்டு நினைக்காதேங்கோ, வருசாவருசம் மாரியில வாயில வந்துபோற சொல், வயலுக்குப் போற பாதையில கிடக்கிற கல் மாதிரி, தட்டுப்பட்டு விழுந்தாத்தான் தெரியும். ஏழு மாசம் மற்றச் சாமானெல்லாத்தையும் வைச்சுப் பாத்துப்போட்டுத்தான் இதுக்கு வந்தனான்.

1950 இல வந்த சி.எஸ். லூயிசின்ர நாவலின்ர தலைப்பைப் பாருங்கோ, சிங்கம், சூனியக்காரி, துணி அலுமாரி. முதல் ரெண்டும் எந்த மாயக்கதையிலயும் வரும். மூண்டாவது எங்கட அறையில நிக்கிற சாமான், அதுதான் பிள்ளையை இழுக்கிறது, சிங்கத்துக்குப் பக்கத்தில அலுமாரிக்கு என்ன வேலை எண்டு. ஆகவே உங்கட தாளில ஆகச் சாதாரணமாத் தெரியிற சாமானை வெட்டிப்போடாதேங்கோ.

படி 3: வடிவம். எங்கட ஊர்ப் பேருகளிட்டப் படியுங்கோ

தலைப்புக்கு எத்தினையோ வடிவம் இருக்கு, ஆளின்ர பேர், இடத்தின்ர பேர், 'இன்னாரும் இன்னதும்', கேள்வி. இதில எது நல்லதெண்டு மணிக்கணக்காக் கதைக்கலாம், ஆனா வன்னியில இருக்கிறவைக்கு அதுக்கு ஒரு பள்ளிக்கூடமே றோட்டுக்கரையில பலகையா நிக்குது. ஆனையிறவு. ஆனைவிழுந்தான். பன்றிக்கெய்தகுளம். வெடிவைத்தகல்லு. வவுனியாப் பக்கத்தால பஸ்ஸில வரேக்க பன்றிக்கெய்தகுளம் பலகையைப் பாத்திட்டு என்ர மகள் கேட்டவள், "ஆரப்பா எய்தது? பன்றி செத்ததோ தப்பினதோ?" எண்டு. ஒரு பலகை, ஒரு பேர், அதுக்குள்ள ஒரு முழுக்கதை, முடிவு மட்டும் இல்ல. இதை விட நல்ல தலைப்பு எவன் எழுதுவான்?

இதின்ர சூத்திரம் என்னெண்டா ஒரு நடந்த காரியம், அதோட ஒரு இடமோ சாமானோ. எய்த குளம், வைத்த கல்லு. பள்ளிக்கூடத்தில பெயரெச்சம் எண்டு படிச்சிருப்பீங்கள். தமிழில பெயரெச்சம் ரெண்டே சொல்லில ஒரு சம்பவத்தைச் சொல்லிப்போடும். இந்த வடிவத்தில பத்துத் தலைப்பு எழுதிப் பாருங்கோ, ஒண்டும் சரிவராட்டிலும் கை பழகும். நான் எழுதினதில ஒண்டு 'தண்ணி ஏறின ஊர்'. நல்ல தலைப்பு, இப்பவும் சொல்லுறன், ஆனா அஞ்சாம் அத்தியாயத்தில பிள்ளை வாயைப் பிளக்கவேண்டிய விசயத்தை அட்டையிலயே போட்டு உடைச்சிடும், அதோட 2018 டிசம்பர் வெள்ளத்தில வீட்டுக்குள்ள தண்ணி ஏறின கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனத்துக்கு அந்தச் சொல்லு மாயக்கதை இல்ல. வெட்டிப்போட்டன்.

ஆளின்ர பேரைத் தலைப்பில போடுறதெண்டா அந்த ஆளே ஒரு அதிசயமா இருக்கவேணும். என்ர பூவரசி சாதாரணப் பிள்ளை, அவள் போற இடந்தான் அதிசயம்.

படி 4: தேஞ்ச சொல்லைத் தூக்கி எறியுங்கோ

மாய, மந்திர, மர்ம, அதிசய, ரகசிய, அற்புத. இந்த ஆறும் இல்லாமத் தலைப்பு வையுங்கோ. மாயக்கதைக்கு 'மாய' எண்டு பேர் போடுறது கறிக்கு 'உப்புப் போட்ட கறி' எண்டு பேர் போடுறது மாதிரி. என்ர ரெண்டாவது தலைப்பு 'மாயக்குளத்தின் மர்மம்', இப்ப நினைக்கவே வெக்கமாக் கிடக்கு.

படி 5: அந்தச் சொல்லு ஏற்கனவே ஆரின்ர?

இந்தப் படியை ஒருத்தரும் சொல்லித் தாறேல்ல, ஆனா எங்கட பக்கத்தில இருந்து எழுதுறவைக்கு இதுதான் முக்கியம் எண்டு நான் சொல்லுவன். ஒரு சொல்லை நீங்கள் அட்டையில போட முந்தியே அது வேற ஆரின்ரயோ நெஞ்சுக்குள்ள இருக்கும்.

'காணாமல் போன நட்சத்திரம்' எண்டு ஒரு தலைப்பு எனக்கு ஒரு கிழமை பிடிச்சிருந்தது. வேற ஊரில அது ஒரு வடிவான சிறுவர் கதைத் தலைப்பு. இஞ்ச 2017 பெப்ரவரியில இருந்து தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தை வைச்சுக்கொண்டு கிளிநொச்சியில ஏ9 றோட்டுக்கரையில இருந்தவை. அந்தத் தலைப்போட ஒரு புத்தகத்தை அவையின்ர பேரப்பிள்ளையின்ர கையில குடுக்க என்னால ஏலாது. நந்திக்கடல் எண்டதும் அப்பிடித்தான், 2009 இல போர் முடிஞ்ச இடம், அதுக்கு முந்தி அது மீனும் இறாலும் பிடிக்கிற களப்பு, கேக்க எவ்வளவு மாயமான பேர், ஆனா இப்ப அட்டையில அதைப் பாத்தா ஒருத்தரும் மாயக்கதை எண்டு கையில எடுக்கமாட்டினம். எழுதக்கூடாதெண்டு நான் சொல்லேல்ல. அந்தச் சொல்லு கொண்டுவாற பாரத்தை உங்கட கதை தூக்குமோ எண்டு மட்டும் பாருங்கோ, தூக்காட்டி விடுங்கோ.

கோயில் விசயமும் ஒண்டு. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு உப்புத்தண்ணியில விளக்கெரியிறது எல்லாருக்கும் தெரியும். 'உப்புத்தண்ணி விளக்கு' எண்டா எழுத்தாளனுக்கு வாயூறும். ஆனா அது சனத்தின்ர நம்பிக்கை, அதை ஒரு மந்திரவாதியின்ர சாமானா ஆக்கினா எங்கட அம்மாவே என்னோட கதைக்கமாட்டா. பண்டாரவன்னியன் மாதிரி வரலாற்றுப் பேரைப் போட்டாலும் வேற சிக்கல், 1803 இல முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச கதையைப் பள்ளிக்கூடத்தில படிச்ச பிள்ளை புலமைப்பரிசில் சோதனைக்கு வந்த பயிற்சிப் புத்தகமாக்கும் எண்டு நினைச்சு ஓடிடும்.

மற்றப் பக்கம், எங்கட சொல்லு வெளியில எப்பிடிக் கேக்கும் எண்டும் பாருங்கோ. வில்லு எண்டா எங்களுக்குக் காட்டுக்குள்ள தண்ணி தேங்கி நிக்கிற இடம், தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அம்பு விடுற வில்லு. மோட்டை எண்டா எங்களுக்குச் சின்னக் குளம், அவைக்கு அது மொட்டையின்ர எழுத்துப்பிழை. வன்னி எண்டாலே அங்க ஒரு மரம். இப்பிடி ரெண்டு கருத்து வாற சொல்லை உடனே வெட்டாதேங்கோ, ரெண்டாவது கருத்து கதைக்கு உதவுமோ, இடிக்குமோ எண்டு பாருங்கோ. வில்லு என்ர கதைக்கு இடிச்சுது. வான் உதவிச்சுது, தமிழ்நாட்டுப் பிள்ளை வானத்துக் கதவெண்டு நினைச்சுக்கொண்டு உள்ள வந்தாலும் ஏமாறாது, கதை கடைசியில அங்கதான் போகுது.

வெளியூர்ப் பிள்ளைக்கு விளங்காட்டி என்ன செய்யிறது எண்டு பயந்து சொல்லை மாத்தினவையும் இருக்கினம். ஹரி பொட்டரின்ர முதல் புத்தகம் 1997 இல பிரித்தானியாவில 'தத்துவஞானியின் கல்' எண்ட கருத்தில வந்து, அடுத்த வருசம் அமெரிக்காவில 'சூனியக்காரனின் கல்' எண்டு மாறிச்சுது. தத்துவஞானி எண்டா பாடப்புத்தகம் எண்டு பிள்ளையள் நினைச்சிடும் எண்ட யோசினை. ஆனா அந்தக் கல்லுக்குப் பின்னால இருந்த பழைய ரசவாதக் கதை முழுக்க அந்த மாத்தத்தோட கழண்டு போச்சு. எனக்கும் ஒரு தமிழ் ரீச்சர், "'ஏழாம் மடைக்கதவு' எண்டு போடுங்கோவன் தம்பி, அதுதான் எல்லாருக்கும் விளங்கும்" எண்டவ. மடை வேற, வான் வேற எண்டு நான் கமக்காரன் மாதிரிச் சண்டை பிடிச்சன். மடையால நாங்கள் தண்ணியை எடுக்கிறது, வானால குளம் தானா மிச்சத்தை விடுறது. கதையே அந்த வித்தியாசத்திலதான் நிக்குது.

படி 6: பிள்ளையளின்ர வாயில போட்டுப் பாருங்கோ

இதைச் செய்யாம அட்டை அடிக்கவே வேண்டாம். ஆனா 'இது நல்லா இருக்கோ?' எண்டு கேக்காதேங்கோ. பெரியாக்கள் கேட்டா எங்கட பிள்ளையள் "ஓம்" எண்டுதான் சொல்லும், அப்பிடித்தான் வளத்து வைச்சிருக்கிறம்.

நான் செய்தது இது. எங்கட வாசிகசாலைக்கு வாற தரம் நாலு அஞ்சுப் பிள்ளையள் ஒன்பது பேர், புளியமரத்தடியில இருத்தி மூண்டு தலைப்பை ஒவ்வொருக்கா மட்டும் சொன்னன், எழுதிக் காட்டேல்ல: 'மாயக்குளத்தின் மர்மம்', 'பூவரசியும் நீலத் தேசமும்', 'ஏழாவது வான்கதவு'. சொல்லிப்போட்டு வேற கதைக்குப் போயிட்டன். மூண்டு நாள் கழிச்சுத் திரும்ப வரேக்க, "அண்டைக்கு நான் என்னென்ன புத்தகம் சொன்னனான்?" எண்டு கேட்டன். முதலாவதுக்கு வந்த மறுமொழி "மாய... ஏதோ குளம் மாமா". ரெண்டாவது ஆருக்கும் முழுசா ஞாபகமில்ல, பெடியள் ரெண்டு பேர் "அது பெட்டையளின்ர கதை" எண்டு முடிவே எடுத்திட்டாங்கள். மூண்டாவதுக்கு ஒருத்தி மறுமொழி சொல்லேல்ல, சண்டைக்கு வந்தவள்.

"மாமா, எங்கட குளத்தில ஆறுதானே இருக்கு."

"ஓம்."

"பேந்து ஏழாவது எங்கயிருந்து வந்தது?"

"தெரியேல்லயே."

"நாங்கள் போய் எண்ணினனாங்கள். நானும் தம்பியும். ஆறுதான்."

புத்தகம் அச்சில வரேல்ல, அட்டை கூட இல்ல, பிள்ளையள் சைக்கிள் எடுத்துக்கொண்டு கட்டுக்குப் போய் எண்ணிப்போட்டு வந்திருக்குதுகள். எனக்கு அண்டைக்கே தலைப்பு முடிவாயிட்டுது. நான் எண்ணிக்கை போட்டது சும்மா ஒரு யோசினையிலதான், வெறும் 'வான்கதவு' எண்டு வைச்சா கார்த்திகை மார்கழியில இணையத்தில தேடினா 'வான்கதவுகள் திறப்பு' எண்டு வெள்ளச் செய்திதான் நிறைய வரும், அதில இருந்து பிரிக்கத்தான் 'ஏழாவது' சேத்தனான். அது இப்பிடி வேலை செய்யுமெண்டு நினைக்கேல்ல. (அப்பிடியே தாய்க்காரியிட்ட நான் வாங்கின ஏச்சும் தனிக்கதை, பிள்ளையளைத் தனியக் குளக்கட்டுக்கு அனுப்பினதெண்டு. நியாயமான ஏச்சு. நீங்கள் தண்ணியில்லாத தலைப்பாப் பாத்துச் சோதியுங்கோ.)

ஆக நீங்கள் பாக்கவேண்டியது மூண்டு. ஒருக்காக் கேட்டுப்போட்டு மூண்டு நாளால சொல்லுதோ? நாக்குச் சுளுக்காம வருதோ? ஒரு கேள்வி கேக்குதோ? முதல் ரெண்டுக்கும் தலைப்பு சின்னனா இருந்தாக் காணும், என்ரது ஒற்றோட சேத்து ஒன்பது எழுத்து. மூண்டாவதுக்குத்தான் கதை வேணும்.

படி 7: வேற ஆரும் வைச்சிருக்கினமோ

தலைப்புக்கு மட்டும் பொதுவாக் காப்புரிமை இல்ல, ஒரே பேரில ரெண்டு புத்தகம் வந்தா வழக்குப் போடுறது கஷ்டம். ஆனா பெரிய தொடர்களின்ர பேரை வர்த்தகக் குறியாப் பதிஞ்சு வைச்சிருப்பினம், அதுக்குக் கிட்டப் போகாதேங்கோ. வழக்கை விடுங்கோ, கடையில ஆள் மாறிப் போனா நட்டம் உங்களுக்குத்தான். இணையத்தில தேடுங்கோ, பேந்து நூலகம் எண்ட எண்ணிமத் தளத்தில தேடுங்கோ, 2005 இல இருந்து ஈழத்துப் புத்தகங்களைச் சேத்து வைச்சிருக்கினம், கடைக்கு வராத பழசெல்லாம் அதில கிடைக்கும். தேடேக்க ஒற்றுப் போட்டும் போடாமலும், சேத்தும் பிரிச்சும் தேடுங்கோ. 'மாயக்குளம்', 'மாயக் குளம்', 'மாய குளம்' மூண்டும் கொம்பியூட்டருக்கு மூண்டு புத்தகம்.

படி 8: எழுத்து, அட்டை, இலக்கம்

வான்கதவு சேத்தா, வான் கதவு பிரிச்சா? பிரிச்சா வெளியூர்க் கண்ணுக்கு வானம் முன்னுக்கு வரும், சேத்தா எங்கட குளம் வரும். நான் சேத்தன். எது எண்டாலும் ஒண்டை முடிவெடுத்து எழுதி ஒட்டி வையுங்கோ, ஏனெண்டா இனி அதைக் கனபேர் தட்டப்போகினம்.

அட்டைப்படம் கீறுறவருக்கு தலைப்பைச் சொல்ல முந்தி நீங்களே ஒரு வெள்ளைத் தாளில பெரிய எழுத்தில எழுதி ஒரு பத்தடி தள்ளி நிண்டு பாருங்கோ. முதுகுப் பக்கத்தையும் மறக்காதேங்கோ, எண்பது நூறு பக்கப் புத்தகத்தின்ர முதுகு சுண்டுவிரல் அளவு கூட இல்ல, நீட்டுத் தலைப்பு எறும்பூர்ந்த மாதிரித் தெரியும்.

பிறகு அச்சகம். எங்கட பக்கத்தில இப்பவும் கனபேர் பாமினி எழுத்துருவிலதான் தட்டுறது. அந்தக் கீபோர்ட்டில ன வும் ள வும் பக்கத்துப் பக்கத்துக் கட்டை. எனக்கு முதல் புரூப் (அச்சடிக்க முந்திப் பிழை பாக்கிற தாள்) வரேக்க அட்டையில பொன்னிற எழுத்தில 'ஏழாவது வாள்கதவு'. உள்ளுக்குள்ள நூறு பக்கமும் சரி, அட்டையில மட்டும் வாள். அச்சகக்காரத் தம்பி "வாளெண்டாலும் நல்லாத்தானே அண்ணை இருக்கு, சண்டைக்கதை மாதிரி" எண்டு பகிடி வேற விட்டவன். நான் வட்ஸ்அப்பில படத்தைப் பாத்து ஓகே சொல்லாம நேர போய்த் தாளைப் பாத்தபடியாத் தப்பினன். நீங்களும் நேர போங்கோ, தலைப்பை எழுத்தெழுத்தா விரல் வைச்சுப் பாருங்கோ, முடிஞ்சா அந்தக் கதை தெரியாத ஒருத்தரைக் கொண்டு வாசிப்பியுங்கோ, எழுதினவன்ர கண் பிழையைத் தானே திருத்தி வாசிச்சுப்போடும்.

ஐஎஸ்பிஎன் எண்டு ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காணுற இலக்கம் கொழும்பில இருக்கிற தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தாறது, பதின்மூண்டு இலக்கம், எங்கட நாட்டுக்கு 978-955 இல்லாட்டி 978-624 எண்டு தொடங்கும். அந்த இலக்கம் தலைப்போட கட்டினது, பிறகு தலைப்பை மாத்தினா வேற இலக்கம் எடுக்கவேணும், ஆனபடியால் படி 6 முடியாம விண்ணப்பம் போடாதேங்கோ. ஆங்கில எழுத்தில தலைப்பை எப்பிடி எழுதுறதெண்டும் முன்னமே முடிவெடுங்கோ, ழாவுக்கு ஒருத்தர் எல் போடுவார், இன்னொருத்தர் இசட் எச் போடுவார், கனடாவில இருந்து தேடுற சனத்துக்குப் புத்தகம் அகப்படாது. அட்டை, முதுகு, உள்பக்கம், விண்ணப்பம், இந்த நாலிலயும் தலைப்பு ஒரே மாதிரி இருக்கோ எண்டு பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்திட்டு அச்சுக்கு விடுங்கோ.